வாசலில் உதிரும் வேப்பங்கொட்டையை விற்றுவிடலாமா?

ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் வேப்பம்பழம் உதிர ஆரம்பிக்கிறது. வீட்டு வாசலிலும், களத்து மேட்டிலும், கண்மாய்க் கரையிலும், கோயில் திடலிலும் பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. காலையில் வாசல் கூட்டும்போது பாதிக் கொட்டை குப்பைக் குழிக்குப் போய்விடுகிறது. மீதியை வயதான பெண்களும் விடுமுறை நாளில் பிள்ளைகளும் பொறுக்கிச் சாக்கில் கட்டி, ஊருக்கு வரும் வியாபாரியிடம் எடைக்குப் போடுகிறார்கள். கிடைக்கும் காசு அன்றைய பலசரக்குச் சாமானோடு சரியாகிவிடுகிறது.

அதே வீட்டு விவசாயி, ஐப்பசியில் சம்பா நெல்லில் இலைச் சுருட்டுப் புழு விழுந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். உளுந்தில் வெள்ளை ஈ கண்டாலும் அதே ஓட்டம்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை, பெரும்பாலும் கடனுக்கு, வாங்கி வருகிறார். சில சமயம் அந்தப் புட்டியில் இருப்பதே வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த மருந்துதான். ஆனியில் சாக்குக் கணக்கில் விற்ற பொருளை ஐப்பசியில் மில்லி லிட்டர் கணக்கில் வாங்குகிறார். இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேம்பின் பெருமையைப் பேசாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் பெருமை பேசுவது வேறு, பயன்படுத்துவது வேறு. பொறுக்கிய கொட்டையில் தன் வயலுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, மிஞ்சியதை மட்டுமே சிறு விவசாயி விற்க வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் வேம்பைப் பயன்படுத்தும்போது அளவு, காலம், பக்குவம் மூன்றையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். இந்த மூன்றும் தவறுவதால்தான் வயலில் வேம்பு பலிக்கவில்லை என்ற பேச்சு எழுகிறது. வீட்டில் தவறினால் ஆபத்தே வருகிறது.

நிழல் தரும் மரம்

மாசியில் இலையை உதிர்த்து, பங்குனியில் துளிர்த்து, சித்திரை வெயில் ஏறும்போது அடர்ந்து நிற்பது வேம்பின் குணம். ஆறு இல்லாமல் கண்மாய்களையும் ஏந்தல்களையும் நம்பியிருக்கும் செம்மண் பூமியில், அதிகத் தண்ணீர் கேட்காமல் நிற்கும் நிழல் மரம் இது. மாட்டுக் கொட்டகைக்கும் களத்துக்கும் வேறு பந்தல் தேவையில்லை. நார்த்தாமலையிலும், கொன்னையூரிலும், திருவப்பூரிலும் மாரியம்மன் திருவிழாக்கள் வேப்பிலை இல்லாமல் நடப்பதில்லை. வேப்பம்பூ ரசமும் பச்சடியும் சித்திரை முதல் நாளில் இலைக்கு வந்துவிடும். மரத்தைக் கரையான் எளிதில் அரிக்காது என்பதால் கதவுக்கும் நிலைக்கும் அறுக்கிறார்கள். இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அறிந்தும் அலட்சியப்படுத்தப்படுவது அதன் கொட்டைதான்.

உலகம் கண்டுகொண்டது எப்படி?

1959-ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, சுற்றியிருந்த மரம் செடிகளெல்லாம் மொட்டையாகியும் வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1962-ல் டில்லியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்த சமயம், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரதானும் அவருடைய குழுவினரும் வேப்பம் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து பயிர்கள்மீது தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் அந்தப் பயிர்மீது உட்கார்ந்தன, ஆனால் கடிக்கவில்லை.

பருப்பில் உள்ள அசாடிராக்டின் என்ற கசப்புப் பொருள்தான் இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. இந்தப் பொருள் பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கிறது. தின்ற புழுவும் சரியாகத் தோலுரிக்க முடியாமல், வளர முடியாமல் சாகிறது.

இதன் மதிப்பு தெரிந்ததும் வெளிநாட்டார் சும்மா இருக்கவில்லை. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரில் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனிக்கும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை கொடுத்தது. இந்திய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியத்துக்கு யார் உரிமை கொண்டாடுவது என்று வந்தனா சிவாவும் மற்றவர்களும் வழக்காடினார்கள். 2000-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. கம்பெனி தரப்பு செய்த மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

பத்தாண்டுக் காலம் வழக்காடி மீட்ட பொருளை, மீட்டவர்களின் வாசலிலேயே விளக்குமாற்றால் கூட்டிக் குப்பையில் தள்ளுவது பொருத்தமா என்று யோசிக்க வேண்டும்.

கொட்டையைச் சேர்க்கும் பக்குவம்

நன்றாக வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் தரும். மழையில் நனைந்து மண்ணோடு கிடந்து பூசணம் பிடித்த கொட்டை உதவாது. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி, அதற்குப் பிறகு உதிர்ந்த பழத்தைப் பொறுக்க வேண்டும். பழைய சாக்கையோ தார்ப்பாயையோ மரத்தடியில் விரித்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். காக்கையும் வௌவாலும் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை, சுத்தமாக இருந்தால் அதுவும் நல்ல கொட்டைதான்.

பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, சதையையும் தோலையும் நீக்கிக் கழுவ வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் பல நாள் காயப்போடுவது தவறு. வெயில் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்ததும், சணல் சாக்கிலோ துணிப் பையிலோ கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைக்க வேண்டும். பாலித்தீன் உரச் சாக்கில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பருப்பு கறுத்து, மக்கிய வாடை வீசினால் அதைத் தள்ளிவிட வேண்டும்.

கொட்டையின் வயதும் முக்கியம். மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை வைத்திருந்த கொட்டையே கரைசலுக்கு ஏற்றது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் சொல்கிறது. ஆடியில் பொறுக்கிய கொட்டை ஐப்பசியில் பக்குவத்துக்கு வருகிறது. பங்குனி வரை அதன் வீரியம் நிற்கிறது. சம்பா நெல்லுக்கும், மழைக்குப் பின் விதைக்கும் உளுந்துக்கும், மார்கழிப் பட்டத்துக் கடலைக்கும் பூச்சி வருவது இந்த மாதங்களில்தான். பயிருக்கு வேண்டிய காலமும் கொட்டையின் பக்குவமும் இப்படிச் சேர்ந்து வருவதை விவசாயி வீணாக்கக் கூடாது. போன வருஷத்துக் கொட்டையைத் தேடி எடுத்து இடித்து அடித்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

ஐந்து சதக் கரைசல்

ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ எடுத்து உரலில் இட்டுப் பொடியாக இடிக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் அம்மியும் மிக்சியும் இதற்கு வேண்டாம். பொடியை 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் ஒரு குச்சியால் கரைசல் பால்போல் வெளுக்கும்வரை நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, மொத்தம் 100 லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்க்க வேண்டும். அதில் 200 கிராம் சோப்புத் தூளைத் தனியே குழைத்து ஊற்றிக் கலக்கினால் கரைசல் இலையில் ஒட்டும். இதுவே ஐந்து சதக் கரைசல்.

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தேவைப்படும். அதற்குப் பருப்பு 10 கிலோ, அதாவது கொட்டை ஏறக்குறைய 20 கிலோ வேண்டும். இரண்டு அல்லது மூன்று பெரிய மரங்கள் வைத்திருப்பவருக்கு ஓர் ஏக்கர் பயிரின் ஒரு தெளிப்புக்கு வெளியில் கை நீட்ட வேண்டியதில்லை. கத்தரி, வெண்டை போட்டிருக்கும் கொல்லைக்கு 10 லிட்டர் போதும் என்றால் பருப்பு அரை கிலோ, சோப்புத் தூள் 20 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓடு நீக்க ஆள் இல்லாவிட்டால் ஓட்டோடு இடித்து, எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

வெயில் தாழ்ந்து, மாலை மூன்றரை மணிக்குப் பிறகு தெளிக்க வேண்டும்.  கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து அன்றே அடித்துவிட வேண்டும். மழை வரும் போலிருந்தால் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

பலிக்கவில்லை என்பது ஏன்?

விவசாயிகள் பலர் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை வயலுக்குப் போய்ப் பார்த்தால் புழு உயிரோடு இருக்கிறது. உடனே மனம் ஒடிந்து கடைக்குப் போய்விடுகிறார்கள். வேம்பு அடித்த வயலில் புழு எத்தனை செத்துக் கிடக்கிறது என்று பார்ப்பதைவிட, புதிய இலையில் கடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தின்பதை நிறுத்திய புழு இலைமேல் இருந்தாலும் பயிருக்கு அதிக நஷ்டமில்லை. அது நாலைந்து நாளில் தானே ஒழியும்.

வேம்புக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பூச்சி பெருகி வயலே வெளுத்துப்போன பிறகு இதை அடித்துப் பயனில்லை. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை இது எட்டிப் பிடிப்பது கடினம். வெயிலும் மழையும் இதன் சக்தியை ஒரு வாரத்துக்குள் குறைத்துவிடும். ஆகவே முதல் தாக்குதல் கண்டதும் அடித்து, தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். நெல்லில் இலைச் சுருட்டுப் புழு, நிலக்கடலையில் சுருள் பூச்சி, உளுந்தில் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் இந்தக் கரைசலுக்குக் கட்டுப்படக் கூடியவை. உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைச் செடிக்குச் செடி பரப்புவது வெள்ளை ஈதான் என்பதால், ஈயைத் தொடக்கத்திலேயே தடுப்பது முக்கியம். நோய் வந்துவிட்ட செடியை எந்த மருந்தாலும் குணப்படுத்த முடியாது. அதைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். சந்தேகம் இருப்பவர்கள் ஆலங்குடிச் சாலையில் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்திலும் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்டுத் தெளியலாம்.

கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால் புட்டியின் சீட்டைப் படித்து வாங்க வேண்டும். அசாடிராக்டின் 0.03 சதம், 0.15 சதம், 1 சதம் என்று பல வீரியங்களில் மருந்து விற்கிறது. வீரியத்துக்குத் தக்கபடி கலக்கும் அளவு மாறும். “வேப்ப மருந்து” என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் காசும் போகும், பயிரும் போகும்.

கூலி கட்டுமா?

பொறுக்க ஆள் எங்கே, இடிக்க நேரம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்களைக் கொட்டை பொறுக்கக் கூப்பிட்டால் கூலி கொடுக்க வேண்டும். இதற்கு விடை ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கில்தான் இருக்கிறது. போன ஆனி, ஆடியில் விற்ற கொட்டையின் எடையையும் வந்த காசையும் ஒரு தாளில் எழுதட்டும். அதன் கீழே, அறுவடை வரை மருந்துக் கடையில் கொடுத்த பணத்தையும், கடனாக இருந்தால் அதற்கான வட்டியையும் எழுதட்டும். 20 கிலோ கொட்டையைப் பொறுக்கிக் கழுவி இடிக்க வீட்டு ஆட்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்து எழுதட்டும். ஏக்கருக்கு ஒரு தெளிப்பு மிச்சமானாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

தனி ஒருவருக்குக் கடினமாக இருப்பது பத்துப் பேர் சேர்ந்தால் எளிதாகும். ஊருக்குள் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழு, பருவத்தில் கொட்டையைச் சேர்த்துக் காயவைத்து, ஐப்பசியில் இடித்த பருப்பை எடை போட்டு ஊர் விவசாயிகளுக்கே விற்கலாம். கண்மாய்க் கரையிலும் பொது இடத்திலும் உள்ள வேப்ப மரங்களின் கொட்டையை அந்தக் குழுக்கள் பொறுக்கிக்கொள்ள ஊராட்சிகள் வழிவிட வேண்டும். வெளியூர் வியாபாரிக்குப் போகும் லாபம் ஊரிலேயே சுற்றும்.

பிண்ணாக்கும் யூரியாவும்

எண்ணெய் எடுத்த பிறகு கிடைக்கும் வேப்பம் பிண்ணாக்கு எருவும் ஆகும், மருந்தும் ஆகும். பயறு வகைகளில் வேர் அழுகல் வரும் நிலத்தில் அடியுரமாக ஏக்கருக்கு 60 கிலோ இடலாம். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் பிண்ணாக்கும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து இடும் முறையை வேளாண்மைப் பல்கலைக் கழகம் நெல்லுக்குப் பரிந்துரை செய்திருக்கிறது. யூரியாவின் தழைச்சத்து தண்ணீரோடு சீக்கிரம் வீணாகாமல் பயிருக்கு நிதானமாகக் கிடைக்க வேம்பு உதவுகிறது. இதை ஏற்றுத்தான் 2015-ல் இந்திய அரசு, நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உர மூட்டைக்கு வேம்பு வேண்டும் என்று அரசாங்கமே உணர்ந்துவிட்டது. வயலின் சொந்தக்காரருக்கும் அந்த உணர்வு வரவேண்டும்.

விதைப் பயறில் வண்டு விழாமல் இருக்க நிழலில் காய்ந்த வேப்பிலையைக் கலந்து வைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஈரப்பதத்தோடு கொட்டி வைத்த பயறை வேப்பிலை காப்பாற்றாது. கடித்தால் சத்தத்தோடு உடையும்வரை பயறைக் காயவைத்த பிறகே இலை சேர்க்க வேண்டும்.

மாட்டுக்கு

மாட்டின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவது எல்லா ஊரிலும் உள்ளதே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி போன்றவர்கள் இந்தப் பழைய வைத்திய முறைகளைத் தொகுத்து அளவுப்படுத்தியிருக்கிறார்கள். வேப்பிலை, குப்பைமேனி, துளசி, மருதாணி ஆகியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறியபின் சுத்தம் செய்த புண்ணில் பூசுவது அந்த முறைகளில் ஒன்று. கோமாரி கண்ட மாட்டின் கால் குளம்புப் புண்ணுக்கும் இது பயன்படும். புண்ணில் புழு வைத்திருந்தால் முதலில் புழுவை அகற்ற வேண்டும். ஆனால் கோமாரிக்குத் தடுப்பூசி போடாமல் இதை மட்டும் நம்பியிருப்பது கூடாது.

மனிதருக்கு: எங்கே சரி, எங்கே தவறு?

தோலுக்கு மேலே வேம்பு நல்ல துணை. சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை எல்லோரும் அறிவார்கள். 1992-ல் வெளியான தொடக்கநிலை ஆய்வு ஒன்றில் சிரங்கு கண்ட 814 பேருக்கு இந்தப் பற்றைப் போட்டுப் பார்த்ததில், 3 முதல் 15 நாளுக்குள் 97 சதம் பேருக்குக் குணமானதாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிரங்கு ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே பற்றுப் போட வேண்டும். துணியையும் பாயையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். அம்மை இறங்கிய பிறகு வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதிலும் வேப்பங்குச்சியால் பல் துலக்குவதிலும் தவறில்லை.

உள்ளுக்குக் கொடுப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். சளி, இருமல், வயிற்றுக் கோளாறு என்று கைக்குழந்தையின் வாயில் வேப்பெண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தான வழக்கம். மலேசியாவில் குடியேறிய இந்தியக் குடும்பங்களும் இந்த வழக்கத்தைத் தங்களோடு கொண்டு போயிருந்தன. அப்படி வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மேல்மூச்சு, மயக்கம், வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் 1981-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மூளையும் ஈரலும் தாக்கப்பட்டு உயிரிழந்த குழந்தைகளும் உண்டு.

பாட்டி கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கலாம். பாட்டி தொட்டு வைத்தது எத்தனை துளி, இன்று கரண்டியில் ஊற்றுவது எவ்வளவு, செக்கில் ஆட்டிய எண்ணெயா, பூசணம் பிடித்த கொட்டையின் எண்ணெயா என்று யாருக்கும் தெரியாது. அளவே தெரியாத மருந்தைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தெரியாமல் கொடுத்து, குழந்தை வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயிருக்கு வாங்கிய வேப்பெண்ணெய்ப் புட்டியைச் சமையலறையிலோ குழந்தை எட்டும் இடத்திலோ வைக்கவே கூடாது.

கர்ப்பிணிகளும் வேப்பெண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் வேப்பங்கொழுந்துச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் குடிப்பது சரியல்ல. பூச்சியை வளரவிடாமல் அழிக்கும் சக்தி ஒரு பொருளில் இருக்கிறது என்றால், அது மனித உடம்பிலும் வேலை செய்யக் கூடியதுதான். மரம் சாமியாக இருக்கலாம், எண்ணெய் மருந்துதான். மருந்துக்கு அளவு உண்டு.

மரத்தைக் காப்பது

சமீப ஆண்டுகளில் ஐப்பசி தொடங்கி வேப்ப மரங்களின் நுனிக் கொழுந்துகள் தீயில் வாட்டியதுபோல் கருகுவதைப் பல ஊர்களில் பார்க்க முடிகிறது. தேயிலைக் கொசு என்னும் பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்சுவதும், அதைத் தொடர்ந்து ஒரு பூசணம் புகுவதுமே காரணம். மரம் பட்டுவிட்டது என்று எண்ணி வெட்டிவிடக் கூடாது. கருகிய கிளை நுனிகளை வெட்டி எரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டால், பெரும்பாலான மரங்கள் பங்குனியில் மறுபடியும் துளிர்க்கின்றன. ஆனால் கொழுந்து கருகிய கிளையில் அந்த வருஷம் பூவும் பழமும் குறையும். கொட்டை குறைவாகக் கிடைக்கும் ஆண்டில் அதை விற்றுவிடாமல் எடுத்து வைப்பது இன்னும் அவசியம்.

2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே இரவில் சாய்ந்து போயின. ஒரே வகை மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட கஷ்டம் இன்னும் மறக்கவில்லை. புதிதாகத் தோப்பு போடுகிறவர்கள் களத்து மேட்டிலும், மாட்டுக் கொட்டகை ஓரத்திலும், நிலத்தின் மூலையிலும் நாலைந்து வேம்பு வைத்துக்கொள்வது நல்லது. பயிரின் நடுவில் வேண்டாம். நிழல் விளைச்சலைக் குறைக்கும். வேம்பின் விதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் முளைப்புத் திறனோடு இருப்பதில்லை. ஆகவே பழம் பொறுக்கிய கையோடு பைகளில் ஊன்றி, மழைக்காலத்தில் நட்டுவிட வேண்டும். நட்ட நாலைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பத்து ஆண்டில் நிறைந்த பலன் தரும்.

வரும் ஆனியில் வாசலில் பழம் உதிரும்போது, வியாபாரியின் தராசு வருவதற்கு முன்னால் வீட்டுத் தேவைக்கு 20 கிலோ கொட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். ஓர் ஏக்கருக்கு ஒரு தெளிப்பு என்று தொடங்கினால் போதும். ஒரு போகம் செய்து, பாதி வயலில் கரைசலும் மீதி வயலில் வழக்கமான மருந்தும் அடித்து, செலவையும் விளைச்சலையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணால் கண்ட கணக்கு சரியாக இருந்தால், அடுத்த ஆனியில் மரத்தடியில் சாக்கு விரிக்க யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.